கைக்கு அடக்கமான துப்பாக்கி

அமெரிக்காவில் ஒரு பெண் தன் முதல் கைத்துப்பாக்கியை வாங்கக் கடைக்குப் போனால், கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். அவர் எடுத்து வைப்பது பெரும்பாலும் கடையிலேயே சிறியதும் எடை குறைந்ததுமான ஒன்றாக இருக்கும். ஐந்து தோட்டா கொள்ளும் குட்டை ரிவால்வர், அல்லது உள்ளங்கையில் மறைந்துபோகும் சின்னப் பிஸ்டல். பிடி சில சமயம் இளஞ்சிவப்பு. கைப்பைக்குள் அடங்கிவிடும் என்பதுதான் அதற்கான சிபாரிசு. அங்கே சுடக் கற்றுத்தரும் பெண்கள் பல ஆண்டுகளாகச் சலிப்போடு சொல்லிவரும் கதை இது. அவர்கள் சொல்லும் மறுப்பும் மாறுவதில்லை: புதிதாகச் சுடப் பழகுகிறவரிடம் கொடுக்கக்கூடியவற்றில் மிகக் கடினமானது அந்தச் சின்னத் துப்பாக்கிதான்.

காரணம் எளிய இயற்பியல். தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. கனமான துப்பாக்கி என்றால் அந்த உதைப்பில் பெரும்பங்கை அதன் எடையே வாங்கிக்கொள்ளும். எடை குறைந்தால் மிச்சத்தைக் கை வாங்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 642 என்ற ரிவால்வர் இப்படிப் பெண்களுக்கு அடிக்கடி சிபாரிசு செய்யப்படும் ஒன்று. அதன் எடை சுமார் 400 கிராம். குழல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. விசையை முழுதாக இழுக்க ஏறக்குறைய 5 கிலோ அழுத்தம் வேண்டும். 400 கிராம் பொருளை ஆடாமல் பிடித்தபடி, அதன் எடையைப்போலப் பத்து மடங்குக்கு மேலான விசையை ஒற்றை விரலால் இழுக்கச் சொல்கிறது அந்தக் கருவி. குழல் குட்டை என்பதால், குறி பார்க்கையில் நேரும் ஒரு நூல் பிசகுகூட இலக்கில் பெரிதாகிவிடும். பிஸ்டல் வகையில் வேறொரு சிக்கல். அதன் மேற்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் முதல் தோட்டா ஏறும். பிஸ்டல் சிறுக்கச் சிறுக்க அதன் உள்ளிருக்கும் சுருள்வில் விறைத்துக்கொண்டே போகும். ஆகவே சின்னது சுலபம் என்ற கணக்கு இரண்டு வகையிலும் தப்பாகிறது. புதியவர் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடிப்பதற்குள் பெருவிரல் அடி வலிக்கிறது. அடுத்தமுறை வெடிக்கும் முன்பே கண் மூடிக்கொள்கிறது, மணிக்கட்டு தாழ்கிறது. அதற்கடுத்த வாரம் அவர் பயிற்சிக்கே போவதில்லை. துப்பாக்கி மட்டும் கைப்பையில் இருக்கிறது.

தமிழில் கைக்கு அடக்கமான பொருள் என்று சொல்லும்போது பாராட்டாகத்தான் சொல்கிறோம். பெண்ணுக்கு விதித்த குணத்துக்கும் அதே சொல், பிணத்தைப் புதைப்பதற்கும் அதே சொல். அமெரிக்கப் பெண்களின் கைத்துப்பாக்கி வரலாற்றைப் படித்த மாதங்களில் இந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. துப்பாக்கி நமக்குத் தொலைவான பொருள்தான். ஆனால் பெண்ணுக்காகச் செய்தது என்று சொல்லி விற்கப்படும் பொருள் தொலைவானது அல்ல. அந்தப் பெண்ணின் கையை யார் அளந்தார்கள், அவளுக்கு எங்கிருந்து ஆபத்து வரும் என்று யார் முடிவுசெய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இந்த வரலாற்றைப் படிக்கலாம்.

துப்பாக்கிக்கு முன்னால் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பெண்கள் நெடுங்காலம் பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டிய தனிப் பைகளை வைத்திருந்தார்கள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்கு அது தூரத்து உறவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடலை ஒட்டிய மெல்லிய உடைகள் வந்தபோது அந்தப் பைக்கு இடமில்லாமல் போயிற்று. சின்னக் கைப்பை வந்தது. ஆண்களின் சட்டையிலும் கோட்டிலும் பாக்கெட்டுகள் பெருகிய அதே காலத்தில் பெண்ணின் உடைமைகள் உடலைவிட்டு வெளியேறி அவள் கையில் தொங்கத் தொடங்கின. சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1914இல் எழுதிய ஒரு சிறுகதையில், ஆணாக மாறிவிடும் ஒரு பெண் முதலில் வியப்பது பாக்கெட்டுகளைக் கண்டுதான். சுடிதாரில் பாக்கெட் வைக்கச் சொல்லித் தையற்காரரிடம் வாதாடியிருக்கும் எவருக்கும் அந்தக் கதை புரியும்.

குளிர்நாட்டுப் பெண்கள் கைகளை நுழைத்துக்கொள்ளும் உருளை வடிவ மென்மயிர் உறைக்குள் மறைக்கத்தக்க சின்னப் பிஸ்டல்கள் 19ஆம் நூற்றாண்டில் புழங்கின. அந்த உறையின் பெயராலேயே அவை அழைக்கப்பட்டன. பிலடெல்பியாவின் ஹென்றி டெரிஞ்சர் செய்த குட்டைப் பிஸ்டலும் அதன் நகல்களும் ஒரு முழு வகைக்கே பெயர் தந்தன. 1865இல் லிங்கனைக் கொன்றது அவர் பட்டறைத் துப்பாக்கிதான். பிற்காலக் கதைகளும் திரைப்படங்களும் அந்த வகையைச் சூதாடியின் கைக்கும் சலூன் பெண்ணின் காலுறைப் பட்டிக்கும் உரியதாக்கின. மரியாதையான ஆணின் ஆயுதம் இடுப்பில் வெளிப்படையாகத் தொங்கும், மறைத்து வைப்பது வஞ்சகருக்கும் பெண்களுக்கும் உரியது என்ற எண்ணம் இப்படித்தான் ஊறியிருக்க வேண்டும்.

1887இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு புதுமையான ரிவால்வரைக் கொண்டுவந்தது. பாக்கெட்டில் சிக்காதபடி அதன் சுத்தியல் உள்ளே மறைந்திருந்தது. பிடியின் பின்புறத்தில் இருந்த ஒரு சட்டத்தையும் சேர்த்து அழுத்தினால்தான் சுடும். எலுமிச்சை பிழிவதுபோல அழுத்த வேண்டியிருந்ததால் மக்கள் அதற்கு எலுமிச்சைப் பிழிவான் என்று பெயர் வைத்தார்கள். சிறு குழந்தையின் கையால் அதைச் சுட முடியாது என்பது விளம்பரத்தின் பெரிய வாக்குறுதி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐவர் ஜான்சன் என்ற நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதன் விளம்பரத்தில் இரவு உடையணிந்த சிறுமி ஒருத்தி படுக்கையில் பொம்மையோடு ரிவால்வரையும் வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தை இன்று பார்க்கும் எவருக்கும் வயிறு கலங்கும். அன்று அது வீட்டுக்குப் பாதுகாப்பான பொருள் என்பதற்கான சான்று.

அந்த நிறுவனங்களின் வரலாற்றில் என்னை மிகவும் நிறுத்திய பெயர் லேடிஸ்மித். 1902 முதல் 1921 வரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த ஏழு தோட்டாக் குட்டி ரிவால்வர் அது. .22 அளவு. பெண்ணின் கைக்கென்றே செய்யப்பட்டது என்று பெயரிலேயே சொன்னது. உற்பத்தி ஏன் நின்றது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள்: பாலியல் தொழில் செய்யும் பெண்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்ட நிறுவனர் டேனியல் வெஸ்ஸன் அறச்சீற்றம் கொண்டு நிறுத்திவிட்டாராம். நல்ல கதைதான். ஆனால் டேனியல் வெஸ்ஸன் 1906இல் இறந்துவிட்டார். அதன் பிறகு 15 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கி தயாரானது. ஆற்றல் கூடிய புதிய .22 தோட்டாக்களை அந்த மெல்லிய சட்டம் தாங்காது என்பது இதைவிட நம்பத்தகுந்த காரணம். இருந்தும் நூறாண்டாக நிலைத்திருப்பது வெஸ்ஸனின் சீற்றக் கதைதான். பெண் ஆயுதம் வாங்கினால் அவள் எப்படிப்பட்டவள் என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. இரவில் முன்பின் தெரியாத ஆண்களோடு தனியே இருக்க வேண்டிய பெண்ணுக்குத்தான் தற்காப்பு மிகவும் தேவை என்ற எண்ணம் அந்தக் கதையைச் சொல்லிவந்தவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இதே காலத்தில் உலகின் மிகப் புகழ்பெற்ற துப்பாக்கி சுடுநர் ஒரு பெண். ஒகையோ மாநிலத்தில் 1860இல் பிறந்த ஆனி ஓக்லி. வறுமை பிடித்த வீட்டில் வேட்டையாடிக் குடும்பத்துக்குச் சோறு போட்ட பெண், 1885இல் பஃபலோ பில்லின் காட்சிக்குழுவில் சேர்ந்து உலகம் சுற்றினார். ஐந்தடி உயரம்தான். 1887இல் லண்டன் போனபோது, அங்கிருந்த லங்காஸ்டர் துப்பாக்கிப் பட்டறை அவர் பயன்படுத்திவந்த வேட்டைத் துப்பாக்கிகள் அவருக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, அவர் உடலளவுக்கு ஏற்ற எடையிலும் நீளத்திலும் புதியவை செய்துகொடுத்தது. உலகமே வியந்த ஒருவர் அதுவரை தனக்குப் பொருந்தாத கருவியோடு சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார். லங்காஸ்டர் செய்ததில் பூவேலையோ நிறமோ முக்கியமல்ல. தோளிலிருந்து விசைவிரல் வரை அளந்தார்கள், அவர் சுடுவதைப் பார்த்தார்கள், மாற்றினார்கள். இதற்குப் பிறகு வந்த நூறாண்டில் பெண்களுக்கான கைத்துப்பாக்கி என்று விற்கப்பட்டவற்றில் மிகச் சிலவே இவ்வளவு மெனக்கெட்டன.

ஓக்லி தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். இரவில் தனியாக நடக்கும் பெண்ணுக்கு ரிவால்வரைக் கைப்பையின் அடியில் வைப்பதால் பயனில்லை, கையில் பிடித்த குடையின் மடிப்புக்குள் வைத்தால் உடனே எடுக்கலாம் என்று செய்தித்தாளுக்குச் செய்தே காட்டினார். 1898இல் ஸ்பெயினோடு போர் மூளும் நேரத்தில், குறிதவறாத 50 பெண்களோடு வரத் தயார் என்று அதிபர் மெக்கின்லிக்குக் கடிதம் எழுதினார். அரசு ஏற்கவில்லை. அவரைப் பெண்ணியவாதி என்று இழுத்துக்கொள்ள நமக்கு ஆசை வரும். ஆனால் வாக்குரிமை இயக்கத்தோடு அவர் ஒட்டவில்லை. துப்பாக்கியைப் பெண் கையில் தரலாம், வாக்குச்சீட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்ற நிலைப்பாடு அன்றைக்கு ஒன்றும் விந்தையானதல்ல.

ஓக்லியின் புகழ் உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில் மெம்ஃபிஸ் நகரத்தில் இன்னொரு பெண் பிஸ்டல் வாங்கினார். அது எந்தக் காட்சிக்காகவும் அல்ல. 1892 மார்ச்சில் கறுப்பினத்தவரான தாமஸ் மாஸும் அவர் மளிகைக்கடையைச் சேர்ந்த இருவரும் வெள்ளைக் கும்பலால் கொல்லப்பட்டார்கள். மாஸ் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸின் நெருங்கிய நண்பர். வெல்ஸ் தன் முதல் வேலையாக ஒரு பிஸ்டல் வாங்கினார். இரண்டு மாதத்தில் அவர் பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது, ஊருக்குத் திரும்பினால் கொலை என்று மிரட்டல் வந்தது. அவ்வாண்டே வெளியிட்ட சிறுநூலில், சட்டம் காக்காத கறுப்பர் வீடுகளில் துப்பாக்கிக்கு மதிப்பான இடம் இருக்க வேண்டும் என்று எழுதினார். அவருக்கு முன்னால், அடிமைகளை வடக்கே தப்புவித்த பயணங்களில் ஹாரியட் டப்மனும் ஆயுதம் வைத்திருந்தார். பெண்ணும் துப்பாக்கியும் என்று பேசும் விளம்பர வரலாறுகளில் ஓக்லி முன்னட்டையில் இருப்பார். வெல்ஸ் அடிக்குறிப்பில் இருந்தாலே பெரிது. 1956இல் தன் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் கேட்டபோது அலபாமா அதிகாரிகள் மறுத்தார்கள். யாருடைய பயம் நியாயமான பயம் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் உரிமம் வழங்கும் மேசையில் இருந்தது.

அந்த மேசையின் அதிகாரம் 1980களின் இறுதியில் வேகமாகக் கரையத் தொடங்கியது. 1987இல் ஃபுளோரிடா, தகுதி விதிகளை நிறைவுசெய்த எவருக்கும் மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே வேண்டியதில்லை. வாங்கும் ஆண்கள் ஏற்கெனவே வாங்கியாயிற்று, சந்தைக்குப் புதிய ஆள் தேவை. 1989இல் லேடிஸ்மித் என்ற பெயர் தூசு தட்டி எடுக்கப்பட்டது. இம்முறை அது .38 அளவில் ஐந்து தோட்டா ரிவால்வர், மெலிந்த மரப்பிடி, பக்கவாட்டில் அழகிய எழுத்தில் பெயர். அதே ஆண்டில் பாக்ஸ்டன் க்விக்லி என்பவர் பெண்கள் ஆயுதம் ஏந்துவதை ஆதரித்து ஒரு நூல் வெளியிட்டார். முன்பு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக உழைத்த அவர், தோழி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானபின் மனம் மாறியவர். பெண்களுக்கென்றே ஒரு துப்பாக்கி இதழும் அப்போது தொடங்கியது. 1993இல் தேசியத் துப்பாக்கிச் சங்கம் பெண்களுக்கான தற்காப்பு வகுப்புகளை ஆரம்பித்தது.

இந்த விளம்பரங்களிலும் நூல்களிலும் ஆபத்துக்கு ஒரே முகம்தான். இருண்ட வாகன நிறுத்துமிடம், பின்னால் கேட்கும் காலடி, முன்பின் தெரியாத ஆண். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கடைசிப் பேருந்தில் இறங்கி, சாவியை விரல்களுக்கு நடுவில் பிடித்தபடி வீட்டுக்கு நடந்த எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். ஆனால் அந்த ஒரே காட்சியை மனத்தில் வைத்துத்தான் துப்பாக்கியின் அளவு, எடை, உறை, பை எல்லாம் வடிவமைக்கப்பட்டன.

மறைப்பதற்கான பொருட்கள் தனிச் சந்தையாக வளர்ந்தன. ஆணின் உடைக்கு விறைத்த இடைவாரும் அதன்மேல் தொங்கும் சட்டையும் இருக்கின்றன. துப்பாக்கி உறை அவற்றை நம்பி உருவானது. இடுப்பு வளைந்து, கால்சட்டை இடை வேறு உயரத்தில் நிற்கும் உடலில் அதே உறையைச் செருகினால் துப்பாக்கியின் பிடி விலாவில் குத்தும், உட்கார்ந்தால் வயிற்றில் அழுத்தும். எனவே பெண்களுக்குத் தொடைப்பட்டி, இறுக்கமான வயிற்றுக்கச்சு, உள்ளாடையின் நடுவில் தொங்கவிடும் உறை, துப்பாக்கிக்கென்று தனி அறை தைத்த கைப்பை என்று வந்தன. இவற்றில் கைப்பையைப் பயிற்றுநர்கள் கடைசி இடத்தில் வைக்கிறார்கள். பையைப் பறித்தால் துப்பாக்கியும் போகும். ஜிப்பைத் திறந்து எடுக்க நேரமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பையைக் கீழே வைப்போம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஒரு பல்பொருள் அங்காடியில் 29 வயதுத் தாய் ஒருவர் தள்ளுவண்டியில் தன் இரண்டு வயதுக் குழந்தையை உட்காரவைத்திருந்தார், பக்கத்தில் அவருடைய கைப்பை. துப்பாக்கி வைப்பதற்கென்றே தைத்த பை அது. குழந்தை ஜிப்பைத் திறந்தது. ஒரே குண்டில் தாய் இறந்துபோனார். அவர் துப்பாக்கிக்குப் புதியவரும் அல்ல, உரிமம் வைத்திருந்தவர். பெண்ணுக்குச் சௌகரியம் என்று யோசித்தவர்களின் கண்ணில், கைக்குழந்தையும் பையுமாகக் கடைக்குப் போகும் பெண் தென்படவில்லை.

அப்படியானால் வசதியான துப்பாக்கி என்று ஒன்று இருக்கிறதா? இந்த இடத்தில் அமெரிக்கப் பெண் பயிற்றுநர்களிடம் மரியாதையோடு காதுகொடுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் அரசியலில் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் உடலைப் பற்றி அவர்கள் துல்லியமாகப் பேசுகிறார்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை பிடியின் மேல்விளிம்பில் அழுந்த உட்கார வேண்டும். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கும்போது சுட்டுவிரலின் நுனிச்சதை விசையின்மேல் இயல்பாகப் படிய வேண்டும். எட்டவில்லையென்றால் கை தன்னையறியாமல் பிடியைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும், உதைப்பு முழுவதும் பெருவிரல் மூட்டில் இறங்கும். ஸ்லைடு வரவில்லை என்று அழுகிற மாணவிக்கு, இழுக்காதே, மேல்பகுதியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மற்ற கையால் துப்பாக்கியை முன்னே தள்ளு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கைவலு இல்லை என்று நினைத்தவளுக்குத் தோள்வலு வந்து உதவுகிறது. பெரும்பாலும் அவர்கள் அனுப்பி வைப்பது நடுத்தர அளவுள்ள, கொஞ்சம் கனமான 9 மி.மீ. பிஸ்டலுக்கு. அல்லது உதைப்பு குறைந்த .380 அளவில், ஸ்லைடு எளிதாக நகரும்படி செய்த ஒன்றுக்கு. இந்த இரண்டாவது வகையில் பேர்பெற்ற ஒரு பிஸ்டலை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018இல்தான் கொண்டுவந்தது. முதல் லேடிஸ்மித்துக்கும் அதற்கும் இடையே 116 ஆண்டுகள். அதையும் வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து நூறு தோட்டா சுட்டுப் பார், கணவரோ அண்ணனோ தேர்ந்து பரிசளிப்பதை வாங்கிக்கொள்ளாதே என்பது அவர்கள் வகுப்பின் முதல் பாடம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்களுக்கும் இதே சிக்கல்கள் இருந்தன, அவை தீர்க்கப்பட்டும் இருக்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் புகழ்பெற்ற 1911 பிஸ்டலின் விசை பல படைவீரர்களின் விரலுக்கு எட்டவில்லை. 1920களில் விசையைக் குட்டையாக்கி, அதன் பின்னால் சட்டத்தைச் சற்றுச் செதுக்கி மாற்றினார்கள். அதற்குச் சின்னக் கைக்காரர் மாதிரி என்று யாரும் பெயர் வைக்கவில்லை, திருத்தப்பட்ட மாதிரி என்றார்கள். 1986இல் மயாமியில் நடந்த மோதலில் இரண்டு அதிகாரிகளை இழந்த எஃப்.பி.ஐ., ஆற்றல் மிகுந்த 10 மி.மீ. தோட்டாவை எடுத்துக்கொண்டது. உதைப்பு மிகுதி என்று தோட்டாவை மென்மையாக்கினார்கள், அதிலிருந்து .40 பிறந்தது, கடைசியில் 9 மி.மீ.க்கே திரும்பினார்கள். அதிகாரிகள் அதில்தான் வேகமாகவும் குறி தப்பாமலும் சுடுகிறார்கள் என்பது காரணம். 2017இல் ராணுவம் தேர்ந்த புதிய பிஸ்டலில் பிடியையே சிறிது, நடுத்தரம், பெரிது என்று மாற்றிப் பொருத்தலாம். ஆணுக்கு வசதிக்குறைவு நேர்ந்தால் அது பொறியியல் சிக்கல், கருவியைத் திருத்துகிறார்கள். பெண்ணுக்கு நேர்ந்தால் அது பெண்மையின் பலவீனம், தனிக் கருவி செய்து நிறம் பூசுகிறார்கள்.

சரி, பொருத்தமான துப்பாக்கி கிடைத்துவிட்டது, பயிற்சியும் ஆயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குத்தான் போகிறாள். ஜாக்குலின் கேம்ப்பெல்லும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட, அமெரிக்காவின் பல நகரங்களை உள்ளடக்கிய ஆய்வு இதைப் பேசுபவர் யாரும் தாண்டிப்போக முடியாதது. துன்புறுத்தும் துணைவரின் கைக்குத் துப்பாக்கி எட்டும் நிலையில், அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி உள்ளவர்களோடு வாழும் பெரியவர்களைப் பின்தொடர்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, அவர்கள் துணைவராலோ துணைவியாலோ சுட்டுக்கொல்லப்படும் வீதம் மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்று கண்டது. அப்படி இறந்தவர்களில் 84 விழுக்காட்டினர் பெண்கள். அவள் பெயரிலேயே, அவள் அலமாரியிலேயே துப்பாக்கி இருந்தால்? அதே மாநிலத்தில் 2020இல் வெளியான பெரிய ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருந்த பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வீதம், வைத்திராத பெண்களைவிட 35 மடங்கு என்றது. ஆண்களில் அந்த வேறுபாடு 8 மடங்கு. மனம் உடைந்த ஓர் இரவைக் கடந்துவிட்டால் மறுநாள் வாழ ஆசை வரும் என்பதை நாம் நம் தோழிகளிடம் கண்டிருக்கிறோம். அந்த இரவில் எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை.

துணைவனுக்கு எதிராகவே அவள் அதை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மரிஸா அலெக்சாண்டரின் வழக்கு இருக்கிறது. மறைத்து எடுத்துச்செல்லும் உரிமத்துக்கு வழிகாட்டிய அதே ஃபுளோரிடா. 2010 ஆகஸ்ட். குழந்தை பெற்று ஒன்பது நாள் ஆன கறுப்பினப் பெண். அடித்துத் துன்புறுத்திய கணவனுக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை பெற்றிருந்தவர். சண்டையின் நடுவே தன் காரிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்து ஒருமுறை சுட்டார். குண்டு சுவரில் பாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. துப்பாக்கி அவருக்கு உரியது, எடுத்துச்செல்லும் உரிமமும் இருந்தது. ஆபத்தில் இருப்பவர் பின்வாங்கத் தேவையில்லை என்று சொல்லும் அம்மாநிலத்தின் புகழ்பெற்ற சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012இல் கிடைத்த தண்டனை 20 ஆண்டுகள். மேல்முறையீட்டில் மறுவிசாரணை கிடைத்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டுக்குப் பின் 2015 ஜனவரியில் வீட்டுக்காவலுக்கு வெளிவந்தார். விளம்பரத்தில் வரும் பெண் செய்யச் சொன்ன எல்லாவற்றையும் செய்தவர் அவர். எதிரே நின்றவன் மட்டும் விளம்பரத்தில் வந்த ஆள் அல்ல.

2024இல் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெண்ணுக்குத் துப்பாக்கி கொடுப்பதைப் பற்றி நூறாண்டு பேசிய நாட்டில், அவளை அடிப்பவனிடமிருந்து துப்பாக்கியை வாங்குவது இவ்வளவு பிந்தியும் விவாதத்துக்குரியதாகவே இருந்தது.

இந்தக் கதை நம் நாட்டுக்கும் வந்தது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரின் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ஒரு ரிவால்வரை வெளியிட்டது. .32 அளவு, சுமார் 500 கிராம் எடை, கைப்பையில் வைக்கலாம். இந்தியாவில் பெண்களுக்கென்று செய்யப்பட்ட முதல் துப்பாக்கி என்றார்கள். இறந்துபோன மாணவிக்கு ஊடகங்கள் கொடுத்த பெயரை ஒட்டி, அச்சமற்றவர் என்று பொருள்படும் நிர்பீக் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நகைப்பெட்டி போன்ற அடர்சிவப்புப் பெட்டியில் வைத்து விற்றார்கள். விலை 1,22,360 ரூபாய். மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு இரவுப்பணி முடித்துப் பேருந்துக்கு நிற்கும் பெண் அதை வாங்க முடியாது. வாங்கினாலும் ஆயுதச் சட்டப்படி உரிமம் கேட்டு அவள் போய் நிற்க வேண்டிய இடம், புகார் கொடுக்கவே அவள் தயங்கும் அதே காவல்நிலையம்.

இந்தியப் பெண்ணுக்குக் கைத்துப்பாக்கியை 2014இல் யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், தோழி கமலா தாஸ்குப்தா தேடிக்கொடுத்த ரிவால்வரை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு போன பீனா தாஸ், வங்க ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கி ஐந்து முறை சுட்டார். ஒன்றும் படவில்லை. ஒன்பது ஆண்டு சிறைத்தண்டனை. பட்டம் வாங்க வந்த அந்தப் பெண்ணின் கைக்கு அந்த ரிவால்வர் பொருந்தியதா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவருடைய கையெழுத்தையும் வாக்குமூலத்தையும் பற்றி எழுதியவர்கள் அதைக் கேட்கவில்லை.

நிர்பீக் வெளியானபோது வெளிப்படையாக எதிர்த்தவர்களில் ஒருவர் பினலக்ஷ்மி நேப்ரம். மணிப்பூரைச் சேர்ந்தவர். ஆயுதங்கள் நிறைந்த ஊரில் பெண்கள் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை. 2004இல் தௌபல் மாவட்டத்தில் 27 வயது இளைஞர் ஒருவரை அவருடைய பட்டறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக்கொன்றார்கள். அதன் பிறகு நேப்ரம் அவருடைய மனைவியைப் போய்ப் பார்த்தார். துப்பாக்கியிலிருந்து தப்பிப் பிழைத்த மணிப்பூர்ப் பெண்களின் கூட்டமைப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. அன்று அவர் அந்தப் பெண்ணுக்கு 4,500 ரூபாய் கொடுத்தார், ஒரு தையல் இயந்திரம் வாங்கிக்கொள்ள.